புருசெல்லோசிஸ்: எதிர்ப்பொருள் பரிசோதனைகள்

மால்டா காய்ச்சல் எனப்படும் புருசெல்லோசிஸ், ஆடு மாடுகளிடமிருந்து காய்ச்சாத பால், பிரசவக் கழிவுகள் வழியே மனிதருக்குத் தொற்றும் பாக்டீரியா நோய். ரத்தத்தில் கிருமியை வளர்த்துக் காட்டுவதே உறுதியான சான்று. ஆனால் கிருமி மெதுவாக வளரும். ஆய்வகப் பணியாளருக்கும் தொற்றும். எனவே நடைமுறையில் எதிர்ப்பொருள் பரிசோதனைகளே கைகொடுக்கின்றன.

முதல் சல்லடை ரோஸ் பெங்கால் பரிசோதனை. சாயமேற்றிய, அமிலத்தன்மையுள்ள கிருமிக் கரைசலில் ஒரு சொட்டையும் நோயாளியின் ரத்தச் சீரத்தில் ஒரு சொட்டையும் தட்டில் கலந்து அசைத்தால், எதிர்ப்பொருள் இருந்தால் நான்கு நிமிடத்துக்குள் இளஞ்சிவப்புத் துகள்கள் திரளும். மலிவானது, வேகமானது. ஆனால் கால்நடைகளோடு புழங்குவோரிடம் பழைய தொற்றும் இதில் தெரியும்.

1897இல் ரைட் அறிமுகப்படுத்திய குழாய்த் திரட்சிப் பரிசோதனை எதிர்ப்பொருளின் அளவையும் சொல்லும். சீரம் 1:160 அல்லது அதற்கு மேற்பட்ட நீர்ப்பிலும் திரண்டு, பொருந்தும் அறிகுறிகளும் இருந்தால், நோயெனக் கொள்வது வழக்கம். எதிர்ப்பொருள் மிகுந்த சீரம் குறைந்த நீர்ப்பில் திரளாமல் ஏமாற்றும். எனவே இன்னும் நீர்க்கச் செய்து பார்க்காமல் ‘இல்லை’ என எழுதிவிடக் கூடாது. நாட்பட்ட நோயில் திரளாத எதிர்ப்பொருள்களைக் கூம்ஸ் பரிசோதனை பிடிக்கும். எலைசா பரிசோதனை ஐஜிஎம், ஐஜிஜி என்னும் இரு வகை எதிர்ப்பொருள்களையும் பிரித்துக் காட்டும். நரம்பு மண்டலத் தொற்றில் இதன் பயன் மிகுதி.

யெர்சினியா என்டெரோகோலிட்டிக்கா ஓ:9 என்னும் வேறொரு பாக்டீரியாவின் தொற்று பொய்யான நேர்முடிவு தரலாம். நாய்களிடமிருந்து வரும் புருசெல்லா கேனிஸோ வழக்கமான பரிசோதனைகளில் சிக்காது. அதற்குத் தனி ஆன்டிஜென் வேண்டும்.