புறம்போக்கில் ஆடிய கில்லி

மணிமங்கலம் என்றால் பாடப்புத்தகத்தில் ஒரு போர். ஏழாம் நூற்றாண்டில் பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன், சாளுக்கியன் இரண்டாம் புலிகேசியை இங்கே தோற்கடித்ததைக் கூரம் செப்பேடு சொல்கிறது. அரசர்கள் மோதிக்கொண்ட கதையை மனப்பாடம் செய்துவிட்டோம். அதே மண்ணில் சேரிப் பிள்ளைகள் எங்கே விளையாடினார்கள் என்று நாம் கேட்டதில்லை.

தோழர்களே, பிள்ளைகள் வெளியே வருவதில்லை, செல்போனே கதி என்று பெரியவர்கள் அலுத்துக்கொள்கிறார்கள். செல்போன் நேற்று வந்தது. நிலம் அதற்கு முன்பே போய்விட்டது.

1891-இல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் எழுதிய அறிக்கையைப் பாருங்கள். சேரி இருந்த மனைகூட மிராசுதாரின் பிடியில் இருந்தது. எதிர்த்துப் பேசினால் குடிசையைப் பிரித்துக்கொண்டு போகச் சொல்லலாம். குடியிருக்கும் மனையே சொந்தமில்லாதவர்களுக்கு மைதானம் எங்கிருந்து வரும்? அந்த அறிக்கையின் விளைவாக 1892-இல் பஞ்சமி நில ஆணை வந்தது. அந்த நிலம் எப்படிக் கைமாறியது என்பது தனிக்கதை. காரணையில் அதை மீட்க எழுந்த போராட்டத்தில்தான் 1994-இல் ஜான் தாமசும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள்.

ஆக, நம் பிள்ளைகள் கில்லியும் சடுகுடுவும் ஆடியதெல்லாம் பட்டா இல்லாத இடங்களில். கோடையில் வற்றிய ஏரி உள்வாய், ஆடுமாடு மேய்ந்த மேய்க்கால், அறுப்பு முடிந்த கழனி. கழனியில் மட்டும் கொஞ்சம் பயம்: உடையவர் பார்த்துவிட்டால் சாதிப் பெயரோடு வசவு விழும்.

1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஓடத் தொடங்கியது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை. தொழிற்பேட்டைக்கு நிலம் எடுக்கும்போது பட்டாதாரரிடமாவது விலை பேசுவார்கள். புறம்போக்கு அரசு நிலம். வகைமாற்றம் செய்தால் முடிந்தது. ஆடு மேய்த்தவருக்கும் கில்லி ஆடியவருக்கும் என்ன இழப்பீடு?

இப்போது அப்பா ஒரு ஷிப்ட், அம்மா ஒரு ஷிப்ட். தெருமுனை தாண்டினால் கன்டெய்னர் லாரி. பிள்ளையை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்குப் போகும் தாயைக் குறைசொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. கம்பிவேலி போட்ட அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குள் ஊஞ்சலும் சறுக்கும் இருக்கின்றன. வாசலில் காவலாளியும் இருக்கிறார்.

2011-இல் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஆக்கிரமிக்கப்பட்ட ஊர்ப் பொதுநிலங்களை மீட்கத் திட்டம் வகுக்குமாறு எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. உங்கள் ஊரின் 'அ' பதிவேட்டை வாங்கிப் பாருங்கள். மேய்க்கால், களம், ஏரி என்று குறித்த புல எண்களை எழுதிக்கொண்டு நேரில் போய் நில்லுங்கள். கூடவே ஊர்ப் பாட்டி ஒருவரை அழைத்துப் போங்கள். எங்கே நொண்டி ஆடினார் என்று அவர் காட்டட்டும்.