லிங்க் கொடுத்தா தப்பா? ஷெட்லாந்து தீவுல நடந்த ஒரு வழக்கு

ஒரு நாளைக்கு எத்தனை லிங்க் ஷேர் பண்றோம்னு யாரும் எண்ணிப் பார்க்கிறதில்ல. ஆனா 1996-ல, இன்னொரு வெப்சைட்டுக்கு லிங்க் கொடுத்ததுக்காகவே ஒரு பத்திரிகையாளர் கோர்ட்டு வரைக்கும் போக வேண்டி வந்தது. லிங்க் பற்றி உலகத்துல நடந்த முதல் வழக்குகள்ல அதுவும் ஒண்ணு. இன்னைக்கு அந்தக் கதைதான்.

இடம், ஸ்காட்லாந்துக்கு வடக்கே இருக்கிற ஷெட்லாந்து தீவுகள். மொத்த ஜனத்தொகையே சுமார் 22,000 பேர். 1872-லிருந்து அங்கே 'ஷெட்லாந்து டைம்ஸ்'னு ஒரு பத்திரிகை வருது. அதுக்குப் போட்டியா, இணையத்துல மட்டும் 'ஷெட்லாந்து நியூஸ்' நடத்தினவர் ஜோனதன் வில்ஸ்.

1996-ல டைம்ஸும் வெப்சைட் ஆரம்பிச்சது. வில்ஸ் என்ன செய்தார்னா, டைம்ஸ் போட்ட தலைப்புகளை ஒரு எழுத்துகூட மாறாம தன் பக்கத்துல லிங்க்கா போட்டார். கிளிக் பண்ணினா நேரா டைம்ஸ் செய்திக்கே போயிடலாம். செய்தியை அவர் காப்பி அடிக்கலை. அப்புறம் என்ன பிரச்சினை?

டைம்ஸ் முகப்புப் பக்கத்துல விளம்பரம் விற்கலாம்னு திட்டம் வச்சிருந்தது. வில்ஸ் கொடுத்த லிங்க்ல வர்றவங்க அந்த முகப்பைப் பார்க்கவே மாட்டாங்க. முன்வாசல்ல கடை விரிச்சு உட்கார்ந்திருக்கும்போது, கூட்டத்தையெல்லாம் ஒருத்தர் கொல்லைப்புறமா உள்ளே அனுப்பின மாதிரி. விளம்பரம் வராட்டி நிருபருக்கு யார் சம்பளம் கொடுப்பாங்க?

வழக்கு எடின்பரோவுக்குப் போச்சு. நீதிபதி லார்ட் ஹாமில்டன் கையில இருந்தது 1988-ல வந்த காப்புரிமைச் சட்டம். வெப் பொதுமக்களுக்கு வந்ததே 1991-லதான். அதனால அந்தச் சட்டத்துல 'வெப்சைட்'ங்கிற வார்த்தையே இல்ல. கேபிள் நிகழ்ச்சிச் சேவைக்கான பிரிவுலதான் வெப்சைட்டைப் பொருத்திப் பார்த்தாங்க. தலைப்புக்கும் காப்புரிமை இருக்கலாம்னு சொல்லி, 1996 அக்டோபர்ல நீதிபதி இடைக்காலத் தடை கொடுத்தார். கவனிங்க, அது முடிவான தீர்ப்பு இல்ல.

முடிவான தீர்ப்பு கடைசிவரை வரவே இல்ல. 1997 நவம்பர்ல ரெண்டு பேரும் சமரசமாயிட்டாங்க. லிங்க் கொடுக்கலாம், ஆனா ஒவ்வொரு தலைப்புக்குக் கீழேயும் இது டைம்ஸ் செய்தின்னு போடணும், பக்கத்துலயே டைம்ஸ் பெயர் தாங்கிய பட்டனும் இருக்கணும். அதாவது, வழி காட்டலாம், ஆனா யார் வீடுன்னு சொல்லிட்டுக் காட்டணும்.

சட்டக் கேள்வி அப்படியே நின்னுபோச்சு. ஐரோப்பிய நீதிமன்றம் 2014-ல, ஸ்வீடன் பத்திரிகையாளர்கள் போட்ட ஸ்வென்சன் வழக்குல ஒரு பதில் சொன்னது: எல்லாரும் பார்க்கிற மாதிரி திறந்து வச்ச பக்கத்துக்கு லிங்க் கொடுக்க அனுமதி தேவையில்ல. 2016-ல ஜி.எஸ். மீடியா வழக்குல ஒரு எல்லையும் போட்டது. உரிமையாளர் அனுமதி இல்லாம போட்ட ஒண்ணுக்கு, அது தெரிஞ்சே லிங்க் கொடுத்தா மீறல்தான். லாபத்துக்காகச் செய்றவங்களுக்கு அது தெரிஞ்சிருக்கும்னே எடுத்துக்குவாங்க.

என் பார்வையில லிங்க்குங்கிறது திருட்டு இல்ல, கை காட்டுறது. லிங்க் கொடுக்கிறதுக்கே அனுமதி கேட்கணும்னா இணையமே இருக்காது. ஆனா அந்தத் தீவுப் பத்திரிகையோட பயத்தை நான் அசட்டுப் பயம்னு சொல்ல மாட்டேன். வில்ஸ் கொடுத்த லிங்க்காவது வாசகரை டைம்ஸ் செய்திகிட்ட கொண்டுபோய் விட்டது. இன்னைக்கு தலைப்பு, படம், சுருக்கம் எல்லாமே நம்ம ஆப்லயே வந்துடுது. யாரும் கிளிக்கே பண்றதில்ல. அன்னைக்கு வாசகர் பின்வாசல் வழியா வர்றாங்கன்னு சண்டை. இன்னைக்கு வாசகர் வர்றதே இல்ல.

அதனால அடுத்த தடவை ஒரு செய்தியோட ஸ்கிரீன்ஷாட்டை அனுப்புறதுக்குப் பதிலா லிங்க்கை அனுப்புங்க. எழுதினவங்க பேரையும் சேர்த்து. அடுத்த எபிசோடில் சந்திப்போம்!