பட்டா இல்லாத இடத்தில் கட்டிய வீடுகள்: மதராசி கேம்பும் நம் வலைத்தளங்களும்

தில்லி ஜங்புராவில் பாராபுல்லா வடிகாலின் கரையில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்த மதராசி கேம்ப் 2025 ஜூன் 1-ஆம் தேதி இடிக்கப்பட்டது. மழைக்காலத்துக்கு முன் வடிகாலைச் சுத்தம் செய்தாக வேண்டும் என்று மே 9-ஆம் தேதி தில்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. அப்போதைய கணக்கில் இருந்தவை 370 குடிசைகள். மாற்று வீடு பெறத் தகுதி உண்டு என்று அதில் கண்டவை 189. அந்த மாற்று வீடும் நரேலாவில். ஜங்புராவிலும் நிஜாமுதீனிலும் வீட்டு வேலை செய்து பிழைத்தவர்களுக்கும், பிள்ளைகளை லோதி எஸ்டேட் தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பியவர்களுக்கும் நரேலா எவ்வளவு தூரம் என்று தில்லிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வலைத்தளங்களைப் பற்றிய கட்டுரையில் இது எதற்கு என்று கேட்கலாம். ஒரே கணினியில் பல வலைத்தளங்கள் குடியிருக்கும் வழக்கம் எப்படி வந்தது, வெளிமாநிலத் தமிழர் அமைப்புகள் அதில் எதைக் காத்தன, எதைக் கோட்டைவிட்டன என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுத மதராசி கேம்ப் குறுக்கே வந்துகொண்டே இருந்தது. வீடு போவதும் பக்கம் போவதும் ஒரே துக்கம் அல்ல, அது எனக்குத் தெரியும். ஆனால் அடுத்தவர் நிலத்தில் வீடு கட்டியவனுக்கு வரும் சங்கடம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

முதலில் முகவரி. இணையத்தில் உள்ள ஒவ்வொரு கணினிக்கும் ஓர் எண் உண்டு. மனிதர்களுக்கு எண் நினைவில் நிற்காது என்பதால் பெயரைக் கொடுத்தால் எண்ணைச் சொல்லும் ஏற்பாட்டை 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் வகுத்தார். நாம் டொமைன் என்று சொல்வது இந்தப் பெயரைத்தான். தொடக்க காலத்தில் ஒரு வலைத்தளத்துக்கு ஓர் எண் என்றே நடந்தது. பழைய வகை எண்கள் மொத்தமே சுமார் 430 கோடி. அன்று அது கடல் மாதிரி தெரிந்தது. 2011 பிப்ரவரியில் உலகப் பொதுக் கையிருப்பு தீர்ந்தே போச்சு.

அது தீரும் முன்பே ஒரு வழி கண்டார்கள். கேம்ப் போன்ற குடியிருப்பில் தபால் வருவதை நினைத்துப் பாருங்கள். வெளியுலகத்துக்கு எல்லா வீட்டுக்கும் ஒரே விலாசம்தான். உறைமேல் ஆளின் பெயர் இருந்தால், உள்ளே இருக்கும் யாராவது ஒருவர் "இது மூணாவது சந்து, குழாயடிப் பக்கத்து வீடு" என்று கொண்டுபோய்ச் சேர்ப்பார். பெயர் இல்லாத உறை வந்தால் யாரிடம் கொடுப்பது? 1996 வரை உலாவிகள் அனுப்பிய கோரிக்கை பெரும்பாலும் அந்தப் பெயரில்லாத உறைதான். எந்தப் பக்கம் வேண்டும் என்று கேட்கும், எந்தத் தளத்தின் பக்கம் என்று சொல்லாது. 1997 ஜனவரியில் வெளிவந்த எச்டிடிபி 1.1 விதி, ஒவ்வொரு கோரிக்கையிலும் தளத்தின் பெயரை 'ஹோஸ்ட்' என்று ஒரு வரியில் எழுதியே தீர வேண்டும் என்றது. ஒரே ஒரு வரி! அதன் பிறகு ஒரே எண்ணில், ஒரே சர்வரில், நூறு தளங்கள் குடியேற முடிந்தது. வாடகை மளமளவென்று இறங்கியது. தமிழ்ச் சங்கங்கள் சொந்தப் பெயரில் தளம் வைத்துக்கொள்ள முடிந்ததற்கு இந்த ஒரு வரிக்கும் பங்கு உண்டு.

இந்தியாவில் பொதுமக்களுக்கு இணைய இணைப்பு 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் வழியாக வந்தது. '.இன்' என்று முடியும் பெயர்களோ நெடுங்காலம் கட்டுப்பாட்டில் இருந்தன. 2004 வரை பதிவானவை ஏறத்தாழ 7,000-தான். 2005 தொடக்கத்தில் விதியைத் தளர்த்திய பிறகே கடைத்தெருவில் வாங்குவதுபோல் யாரும் வாங்கலாம் என்ற நிலை வந்தது. அதுவரை நம்மவர்களில் பலர் என்ன செய்தார்கள்? இலவச இடத்தில் குடிசை போட்டார்கள்.

அந்த இலவச இடங்களில் பெரியது ஜியோசிட்டீஸ். டேவிட் போனெட்டும் ஜான் ரெஸ்னரும் 1994-இல் தொடங்கியது. அங்கே இடம் கேட்டால் ஒரு பேட்டையின் பெயரையும் ஒரு மனை எண்ணையும் தருவார்கள். கல்வி, இலக்கியம் என்றால் ஏதென்ஸ் பேட்டை. சினிமா என்றால் ஹாலிவுட். காலி மனையைப் பார்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். உலகெங்கும் சிதறிக் கிடந்த தமிழர்கள் ஊர்க் கோயில் வரலாறு, குலதெய்வப் பாடல், சமையல் குறிப்பு, சங்க ஆண்டுவிழாப் படங்கள் என்று இத்தகைய மனைகளில் கட்டினார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தனி எழுத்துரு. அதை முதலில் இறக்கிக்கொள்ளாவிட்டால் திரையில் கோழி கிளறியதுபோல் இருக்கும். அந்தக் கஷ்டத்திலும் எழுதினார்களே, அதைச் சொல்ல வேண்டும்.

1999-இல் யாஹூ நிறுவனம் அதை விலைக்கு வாங்கியது. 2009 அக்டோபர் 26 அன்று மூடியது. முன்கூட்டியே அறிவிப்பு வந்ததுதான். ஆனால் பத்து வருஷத்துக்கு முன் போட்ட மின்னஞ்சல் விலாசத்தை எத்தனை பேர் இன்னும் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்? ஆர்க்கைவ் டீம் என்ற தன்னார்வக் குழு இரவுபகலாகப் பிரதி எடுத்து, அடுத்த ஆண்டே பெரும் தொகுப்பாக வெளியிட்டது. அதிலும் எல்லாம் சிக்கவில்லை. சிக்கியவற்றிலும் அந்தத் தனி எழுத்துரு இன்று கையில் இல்லாவிட்டால் படிக்க முடியாது. அந்த விஷயத்தில் மதுரைத் திட்டத்தைப் பாராட்ட வேண்டும். 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய அந்த மின்னூல் முயற்சி டிஸ்கி எழுத்தில் ஆரம்பித்து, பின்னால் யூனிகோடுக்கும் மாறிக்கொண்டது. சொந்தப் பெயரும் இருந்தது, பிரதிகளும் பல இடங்களில் இருந்தன. அதனால் நின்றது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். ஜியோசிட்டீஸ்வாசிக்குப் பெயரும் இரவல், நிலமும் இரவல். சொந்த டொமைன் வைத்திருப்பவருக்கு நிலம் மட்டுமே வாடகை. சர்வர்க்காரர் கடையை மூடினால், பிரதியை எடுத்துக்கொண்டு வேறு இடத்தில் இறக்கிவிட்டு, பெயருக்கு எதிரே உள்ள எண்ணை மாற்றி எழுதினால் போதும். வாசகர் பழைய பெயரையே தட்டுவார், புது வீட்டுக் கதவு திறக்கும். பெயரே மாறினாலும் பழைய பெயரை விடாமல் வைத்துக்கொண்டு, வருகிறவர்களைப் புதுப் பெயருக்குத் திருப்பிவிடலாம். தில்லியில் 1923-இல் மதராசி கல்விக் கழகமாகத் தொடங்கியது பிறகு தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் ஆன பின்னும், பழைய மனிதர்கள் 'மதராசி ஸ்கூல்' என்று கேட்டால் ஆட்டோக்காரர் சரியாகக் கொண்டுபோய் விட்டாரே, அந்த மாதிரி.

அப்படியிருந்தும் பெயரைத் தொலைத்த சங்கங்கள் உண்டு. உற்சாகமான இளைஞர் ஒருவர் தம் சொந்த மின்னஞ்சலில், தம் சொந்தக் கார்டில் டொமைனை வாங்கிப் போடுவார். மூன்று வருஷத்தில் அவருக்கு பெங்களூருக்கு மாற்றல். புதுப்பிக்கச் சொல்லி வரும் நினைவூட்டல் யாருக்கும் தெரியாத பெட்டியில் போய் விழும். '.காம்' பெயர்களில் தவணை தவறினால் சில வாரம் பொறுப்பார்கள்; அதன்பின் அதிகக் கட்டணத்தில் மீட்க 30 நாள்; அதற்குப் பின் 5 நாளில் பெயர் தெருவுக்கு வந்துவிடும், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். சங்கத்தின் பெயரைத் தட்டினால் சூதாட்ட விளம்பரம் வந்து நிற்கும். கட்டடத்துப் பத்திரத்தைச் செயலாளர் வீட்டுப் பீரோவில் வைக்க எந்தச் செயற்குழுவும் ஒத்துக்கொள்ளாது. டொமைனை மட்டும் ஏன் அப்படி விட்டோம் என்று எனக்கு இன்றும் புரியவில்லை.

பாதுகாப்பு விஷயத்துக்கும் குடிசைப் பகுதியே உவமை. ஒரு வீட்டு அடுப்பில் பற்றியது வரிசை முழுவதும் பரவும். சங்கத்துக்கு ஒரு தளம், பள்ளிக்கு ஒன்று, பொங்கல் மலருக்கு ஒன்று என்று ஒரே சர்வரில் ஒரே பயனர் கணக்கில் வைத்துவிட்டு, பழைய மலர்த் தளத்தின் மென்பொருளை ஆண்டுக்கணக்கில் தொடாமல் விட்டால், கள்ளன் அந்த ஓட்டை வழியே நுழைந்து மூன்றையும் எடுத்துக்கொள்வான். ஒவ்வொரு தளத்துக்கும் தனிக் கணக்கு, தனித் தரவுத்தளக் கடவுச்சொல், உயிரில்லாத தளத்தை வெறும் நிலைப் பக்கங்களாக மாற்றிவைப்பது, தேவையில்லாத வாசல்களை ஃபயர்வால் போட்டு அடைப்பது: இவ்வளவும் ஒரு நாள் வேலைதான்.

பூட்டுக்குத் தனி வரலாறு உண்டு. மறையாக்கச் சான்றிதழ் உள்ள தளத்தில், முதலில் பூட்டு, பிறகே உறையைப் பிரிப்பது. உறையைப் பிரிக்காமல் ஹோஸ்ட் வரியைப் படிக்க முடியாது; படிக்காமல் எந்த வீட்டுப் பூட்டைக் காட்டுவது என்று தெரியாது. ஆகவே பூட்டு வேண்டுமென்றால் பழையபடி தனி எண் வாங்கு என்றார்கள். பூட்டும்போதே பெயரைச் சொல்லிவிடும் எஸ்என்ஐ என்ற முறை 2003-இல் விதியாக வந்தது. ஆனால் விண்டோஸ் எக்ஸ்பியில் ஓடிய இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு அது கடைசிவரை புரியவில்லை; நம் ஊர்ச் சைபர் கஃபேக்களில் பாதி அதுதான். 2015 டிசம்பரில் லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழை எல்லாருக்கும் இலவசமாகத் தர ஆரம்பித்தது. 2018 ஜூலையில் குரோம் உலாவி, பூட்டில்லாத தளங்களை எல்லாம் பாதுகாப்பற்றது என்று முகத்தில் அடித்தாற்போல் காட்டியது. அதற்கு மேல் யாரும் சாக்குச் சொல்ல முடியவில்லை. லெட்ஸ் என்கிரிப்ட் தொடக்கத்திலேயே 90 நாள் தவணை வைத்ததற்கு ஒரு காரணம், மனிதர் மறந்துவிடுவார், கணினியே தானாகப் புதுப்பித்துக்கொள்ளட்டும் என்பது.

கேம்ப் விஷயத்துக்கு வருகிறேன். அங்கே யாருக்குத் தகுதி, யாருக்கு இல்லை என்று முடிவானது காகிதங்களை வைத்து. வாக்காளர் பட்டியல், ரேஷன் கார்டு, எந்த வருஷத்துத் தேதி என்பதே கேள்வி. ஐம்பது ஆண்டு வாழ்ந்ததற்குச் சாட்சியாக இருந்த கோயில் திருவிழாப் படங்களும், பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியல்களும், ஊரிலிருந்து வந்த கடிதங்களும் தகரப் பெட்டிகளோடு நரேலாவுக்கும் வாடகை அறைகளுக்கும் தமிழ்நாட்டுக்குமாகப் பிரிந்து போயிருக்கின்றன. அவற்றைப் பிரதி எடுத்து, அவரவர் சம்மதத்தோடு, ஒரே இடத்தில் வைக்கச் சங்கங்களால் முடியும். புது டொமைன்கூட வாங்க வேண்டாம். ஏற்கெனவே உள்ள சங்கப் பெயருக்கு முன்னால் 'மதராசிகேம்ப்' என்று எழுதி ஒரு புள்ளி வைத்தால் அது தனித் தளம். பெயர்ப் பதிவேட்டில் ஒரு வரி, சர்வரில் ஒரு சிறு கோப்பு, இலவசச் சான்றிதழ் ஒன்று. படங்களை வருட வாரியாக அடுக்குவதற்குத்தான் ஆள் வேண்டும்.