பயன்பாட்டு எளிமையும் மென்பொருள் கட்டமைப்பும்: தமிழ்க் குறியேற்ற வரலாற்றை முன்வைத்து

முன்னுரை

மென்பொருளின் பயன்பாட்டு எளிமை திரைத்தோற்றத்தை மட்டும் சார்ந்ததன்று. தரவு எவ்வாறு சேமிக்கப்படுகிறது, எப்பணியை எந்த அடுக்கு செய்கிறது என்னும் கட்டமைப்பு முடிவுகளும் அதனைத் தீர்மானிக்கின்றன. லென் பாஸ், போனி ஜான் ஆகியோர் 2001இல் இக்கருத்தை வலியுறுத்தினர். தமிழ்க் கணினி வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். சோளிங்கர் என்னும் ஊர்ப்பெயரைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை அதனை ஆராய்கிறது.

வடிவவழிக் குறியேற்றம்

சோளிங்கர் என்பது சோ, ளி, ங், க, ர் என்னும் ஐந்து எழுத்துகளால் ஆனது. திஸ்கி முறையும், 1999இல் தமிழக அரசு ஏற்ற டாப் முறையும் எழுத்துகளைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே சேமித்தன. எனவே ‘சோ’ என்பது இரட்டைக்கொம்பு, சகரம், கால் என மூன்று குறிகளாயிற்று. திரையில் காட்டுதல் எளிதாயிற்று. ஆனால் அகரவரிசைப்படுத்தும்போது கணினி முதலில் கண்டது சகரத்தை அன்று, கொம்பை. இக்குறையை ஒவ்வொரு நிரலும் தானே களைய வேண்டியிருந்தது. உரிய எழுத்துரு இல்லாத கணினியில் ஆவணத்தைப் படிக்கவே இயலவில்லை.

அடுக்குகளின் பிரிவு

இஸ்கி முறையைத் தழுவி 1991இல் வெளிவந்த ஒருங்குறி, ஒலி வரிசையில் சேமிக்கும் நெறியை மேற்கொண்டது. சகரம் முன்னும் ஓகாரக் குறி பின்னும் நிற்கும். சோளிங்கர் ஒன்பது குறியிடங்களாகும். கொம்பை முன்னே இட்டுக் காட்டுவது எழுத்துரு அடுக்கின் பணியாயிற்று. எனினும் ஒருங்குறியின் எண் வரிசை தமிழ் நெடுங்கணக்கு வரிசையன்று. றகரம் ரகரத்தையும், னகரம் நகரத்தையும் அடுத்து நிற்கின்றன. ஆகவே வரிசைப்படுத்தலுக்கும் தனி அடுக்கு தேவைப்பட்டது.

தமிழ்99 விசைப்பலகை இப்பிரிவின் பயனை நன்கு காட்டுகிறது. ஙகரத்தை அடுத்துக் ககரத்தை அழுத்தினால் புள்ளி தானே அமையும். எட்டு விசைகளில் ஊர்ப்பெயர் முடியும். உள்ளீட்டு அடுக்கு சேமிப்பிலிருந்து பிரிந்திருந்தமையால், குறியேற்றம் மாறியபோதும் தட்டச்சுப் பழக்கம் மாறவில்லை.

முடிவுரை

2010இல் தமிழக அரசு ஒருங்குறியுடன் டேஸ்16 முறையையும் ஏற்றது. அதில் எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரே குறியிடம்; எனவே மொழிச்செயலாக்கம் எளிது. ஆனால் அது தனிப்பயன் பகுதியில் அமைந்ததால், உடன்பாடற்ற கணினிகளுக்கிடையே ஆவணப் பரிமாற்றம் உறுதியன்று. ஆகவே, ஓர் அடுக்கில் தவிர்த்த சுமை மற்றோர் அடுக்கைச் சேர்கிறது. அச்சுமையை எந்த அடுக்கும் ஏற்காதவிடத்து, பயனரே சுமக்க நேரிடுகிறது என்பது இவ்வரலாற்றால் பெறப்படும் முடிவாகும்.