மணமுறிவும் வீட்டின் மதிப்பும்: கோவாவின் தனிவழி

இந்தியாவின் பெரும்பாலான குடும்ப நீதிமன்றங்களில், மணமுறிவின்போது தம்பதியர் வாழ்ந்த வீட்டை மதிப்பிட்டுப் பங்கிடும் தேவையே எழுவதில்லை. பத்திரம் யார் பெயரில் உள்ளதோ, வீடு அவருடையது. பங்கு இல்லாதவருக்கு மதிப்பு எதற்கு? இதற்கு விலக்காக நெடுங்காலமாக நிற்கும் நிலப்பகுதி கோவா.

போர்த்துகலின் 1867ஆம் ஆண்டுச் சிவில் சட்டத்தொகுப்பு 1870 முதல் கோவாவிலும் நடைமுறைக்கு வந்தது. திருமணத்துக்கு முன் வேறு ஒப்பந்தம் செய்துகொள்ளாத தம்பதியின் சொத்துகள், சில விலக்குகள் நீங்கலாக, இருவருக்கும் பொது என்றது அது. முன்பே இருந்தவையும் பின்னர் ஈட்டியவையும் மட்டுமல்ல, மரபுரிமையாக வந்தவையும் இதில் அடங்கும். ஆளுக்குரிய பங்குக்கு 'மெயசாவ்' என்று பெயர். பாதி எனப் பொருள்படும் போர்த்துகீசியச் சொல்லிலிருந்து பிறந்தது. இதனைச் சமத்துவச் சட்டமாகக் கொண்டாடுவோர், சொத்தை நிர்வகிக்கும் உரிமை கணவனிடமே இருந்ததை மறந்துவிடுகின்றனர். ஆயினும் மனைவியின் ஒப்புதலின்றி அசையாச் சொத்தை விற்க அவனால் இயலாது. 1910இல் போர்த்துகல் குடியரசான ஒரு மாதத்துக்குள் மணமுறிவுச் சட்டம் பிறந்தது. அது கோவாவுக்கும் விரிந்தது. 1961இல் போர்த்துகீசிய ஆட்சி அகன்ற பிறகும் இச்சட்டங்களை இந்திய நாடாளுமன்றம் 1962இல் தொடர அனுமதித்தது.

பாதி என்று சட்டம் சொன்னாலும் செங்கல்லையும் ஓட்டையும் பாதியாக அறுக்க முடியாது. எனவே 'இன்வென்டரி' எனப்படும் பாகப்பிரிவினை வழக்கு தேவைப்பட்டது. பொதுச் சொத்துகளும் கடன்களும் பட்டியலிடப்படும், வீடு மதிப்பிடப்படும். அம்மதிப்பு தொடக்கப்புள்ளி மட்டுமே. உரியோர் தமக்குள் ஏலம் கேட்கலாம். தம் பங்கை மிஞ்சிய சொத்தைப் பெறுபவர் வேறுபாட்டை மற்றவருக்குப் பணமாகத் தர வேண்டும். குறைத்து மதிப்பிட்டு ஏமாற்றும் சூழ்ச்சிக்கு இந்த ஏலம் நல்ல மருந்து. ஆனால் கையில் ரொக்கம் உள்ளவருக்கே ஏலம் பயன்படும். வருவாய் இல்லாத மனைவிக்குப் பணம் கிடைக்கலாம், தான் வாழ்ந்த வீடு கிடைப்பது அரிது. 2012 என்ற ஆண்டைப் பெயரில் தாங்கி 2016இல் நடைமுறைக்கு வந்த கோவாவின் புதிய வாரிசுரிமைச் சட்டமும் இன்வென்டரி முறையைக் கைவிடவில்லை.

பிற மாநிலங்களின் கதை வேறு. 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, திருமணத்தையொட்டி அளிக்கப்பட்டு இருவருக்கும் பொதுவான பொருள்களைப் பற்றி மட்டுமே பேசுகிறது. 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பெண்ணுக்கு வீட்டில் வசிக்கும் உரிமையைத் தந்தது, உடைமையைத் தரவில்லை. ஜீவனாம்ச வழக்குகளில் இருதரப்பும் சொத்து விவரங்களை உறுதிமொழிப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என 2020இல் உச்சநீதிமன்றம் வகுத்தது. அங்கே வீட்டின் மதிப்பு, கணவனின் வசதியை அளக்கும் கோல், பங்கிடுவதற்கான தொகையன்று.

இந்நிலையை மாற்றும் வாய்ப்பு ஒருமுறை வந்தது. கணவனின் அசையாச் சொத்திலிருந்து மனைவிக்கு உரிய பங்கை நீதிமன்றம் தீர்மானிக்க வழிசெய்த திருமணச் சட்டத் திருத்த மசோதா, 2013 ஆகஸ்டில் மாநிலங்களவையில் நிறைவேறியது. மக்களவையில் நிறைவேறாமலே 2014இல் காலாவதியாயிற்று. மனைவியின் வீட்டுழைப்பும் சொத்து வாங்குவதற்கான பங்களிப்பே எனச் சென்னை உயர்நீதிமன்றம் 2023 ஜூனில் தீர்ப்பளித்தது. அது மணமுறிவு வழக்கன்று, கணவன் இறந்தபின் தொடர்ந்த சொத்து வழக்கு.