வீட்டு வழங்கி

வீட்டு வழங்கி என்பது ஒரு குடும்பத்தின் ஒளிப்படங்கள், நிகழ்படங்கள், பாடல்கள், ஆவணங்கள் முதலியவற்றைச் சேமித்து, அவ்வீட்டிலுள்ள கணினிகள், கைபேசிகள், தொலைக்காட்சி ஆகியவற்றுக்கு வழங்கும் பொருட்டு வீட்டிலேயே இடைவிடாது இயக்கப்படும் கணினி ஆகும். இதற்கெனத் தனி இயந்திரம் வாங்க வேண்டும் என்பதில்லை. திரை உடைந்த பழைய மடிக்கணினியும் இப்பணியைச் செய்யும். பெரும்பாலும் லினக்சு இயங்குதளமும் கட்டற்ற மென்பொருட்களும் இதில் பயன்படுகின்றன. கோப்புகள் எங்கு உள்ளன, யார் பார்க்கலாம் என்பதை உரிமையாளரே முடிவு செய்கிறார். அவை அழிந்தால் பொறுப்பும் அவருடையதே. வெள்ளமும் உப்புக்காற்றும் மிகுந்த எர்ணாவூர் போன்ற கடலோரப் பகுதிகளில் இப்பொறுப்பு கூடுதல் கவனம் வேண்டுவது.

வரலாறு

ஒரு கணினியின் கோப்புகளைப் பிற கணினிகள் வலையமைப்பின் வழியே தம்முடையவை போலக் கையாளச் செய்யும் முறைகளுள், சன் மைக்ரோசிஸ்டம்சு நிறுவனம் 1984 இல் உருவாக்கிய என்.எஃப்.எசு. முன்னோடியானது. லினக்சு 1991 இல் வெளியானது. ஏறத்தாழ அதே காலத்தில் ஆத்திரேலியாவின் கான்பரா நகரில் ஆண்ட்ரூ டிரிட்செல் எழுதத் தொடங்கிய நிரல் பின்னர் சம்பா எனப் பெயர் பெற்றது. இதனை நிறுவிய லினக்சு கணினியை விண்டோசு கணினிகள் மற்றொரு விண்டோசு வழங்கியாகவே கருதும். லினக்சு வீடுகளுக்குள் நுழைந்ததில் சம்பாவின் பங்கு பெரிது.

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2007 இல் விண்டோசு ஓம் சர்வர் என்ற பொருளை வெளியிட்டு, 2012 இல் கைவிட்டது. அதே காலத்தில் இணையச் சேமிப்புச் சேவைகள் பரவியதால் வீட்டு வழங்கி தேவையற்றது என்ற எண்ணமும் நிலவியது. ஆனால் 12 ஆண்டுகளாகப் பயனர்கள் பதிவேற்றிய பாடல்களை இழந்துவிட்டதாக மைஸ்பேஸ் தளம் 2019 இல் ஒப்புக்கொண்டது. கூகுள் போட்டோசு, அளவற்ற இலவசச் சேமிப்பை 2021 சூன் 1 அன்று நிறுத்தியது. இவை போன்ற நிகழ்வுகள் பலரை மீண்டும் வீட்டு வழங்கியின் பக்கம் திருப்பின.

வன்பொருளும் மின்செலவும்

தமிழக அரசு 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியே பல இலட்சம் மாணவர்கள் மடிக்கணினி பெற்றனர். அவற்றுட் பலவற்றில் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்சும் விண்டோசுடன் நிறுவப்பட்டிருந்தது. இன்று அலமாரியில் கிடக்கும் அத்தகைய மடிக்கணினி, கோப்பு வழங்கியாக இயங்கப் போதுமானது. அதன் மின்கலம் மின்தடையின்போது உடனே அணைந்துவிடாமல் காக்கும். எனினும் பழைய மின்கலம் எப்போதும் மின்னேற்றத்திலேயே இருந்தால் உப்பக்கூடும். உப்பியதைக் கழற்றிவிட வேண்டும்; அதன்பின் தனி யு.பி.எசு. தேவைப்படும்.

நாள் முழுதும் இயங்குவதால் மின்செலவைக் கணக்கிட்டே இயந்திரத்தைத் தேர்வு செய்தல் நன்று. 60 வாட் எடுக்கும் பழைய மேசைக்கணினி இரு மாதங்களில் ஏறத்தாழ 86 அலகுகளைச் செலவிடும். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரு மாதங்களுக்கு 100 அலகுகள் கட்டணமின்றி வழங்கப்படும் என 2016 இல் அறிவிக்கப்பட்டது. அதில் பெரும்பகுதியை இக்கணினியே தின்றுவிடும். 15 வாட் எடுக்கும் மடிக்கணினிக்கு ஏறத்தாழ 22 அலகுகளும், 5 வாட் எடுக்கும் இராசுபெரி பை போன்ற சிறு பலகைக் கணினிக்கு 7 அலகுகளுமே ஆகும். வெளி வன்தட்டின் செலவு தனி.

கடற்காற்றிலுள்ள உப்பு, மின்னிணைப்பு முனைகளை அரிக்கும். எண்ணூர் வட்டாரத்தில் அனல்மின் நிலையச் சாம்பலும் கனரக வண்டிகளின் புழுதியும் சேர்ந்துகொள்வதால் விசிறியும் வெப்பம் கடத்தும் தகடுகளும் விரைவில் அடைபடுகின்றன. சில மாதங்களுக்கு ஒருமுறை தூய்மை செய்வது இங்கு கட்டாயம்.

மென்பொருட்கள்

டெபியன், உபுண்டு ஆகிய லினக்சு வழங்கல்கள் மிகுதியாகப் பயன்படுகின்றன. கட்டளைவரியில் பழக்கமில்லாதோர் டெபியனை அடிப்படையாகக் கொண்ட ஓப்பன் மீடியா வால்ட்டை நிறுவி, உலாவி வழியே நிருவகிக்கலாம். திரைப்படங்களையும் பாடல்களையும் தொலைக்காட்சிக்கு அனுப்ப செல்லிஃபின் உதவுகிறது. எம்பி என்ற மென்பொருள் மூடிய மூலத்துக்கு மாறியபோது, அதன் கட்டற்ற பதிப்பிலிருந்து 2018 இல் இது கிளைத்தது. நெக்சுட்கிளவுடு இவ்வாறே 2016 இல் ஓன்கிளவுடிலிருந்து பிரிந்தது. கோப்பு, நாட்காட்டி, தொடர்பு முகவரிகளை ஒருங்கிணைக்கிறது. கைபேசி ஒளிப்படங்களுக்கு இம்மிச் விரும்பப்படுகிறது. ஒரு நிறுவனம் கொள்கையை மாற்றினாலும் மென்பொருளைத் தொடர்ந்து பயன்படுத்த இயலும் என்பதே கட்டற்ற உரிமத்தின் நடைமுறைப் பயன்.

தமிழ்க் கோப்புப் பெயர்கள்

லினக்சில் பரவலான எக்சுட்4 கோப்பு முறைமையில் ஒரு பெயர் 255 பைட்டுகளைத் தாண்டக்கூடாது. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டு போதும்; யு.டி.எஃப்-8 குறிமுறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட்டு எடுக்கும். புள்ளியும் உயிர்மெய்க் குறியும் தனிக் குறியீடுகளாதலால் ‘எர்ணாவூர்’ என்ற சொல்லுக்கு மட்டும் 27 பைட்டுகள் ஆகும். ஆகவே ஒரு பெயரில் 85 தமிழ்க் குறியீடுகளே அடங்கும். விண்டோசில் இதைவிட நீண்ட பெயரும் செல்லுபடியாகும் என்பதால், அங்கிருந்து நகலெடுக்கையில் சில கோப்புகள் மட்டும் விடுபடலாம். பிழைச்செய்தியைக் கவனியாதவர்க்கு இது தெரிவதேயில்லை. திசுகி முதலிய பழைய குறிமுறைகளில் பெயரிட்ட பாடல்களையும் முதலில் ஒருங்குறிக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

வெளியிலிருந்து அணுகுதல்

வீட்டிற்குள் மட்டும் பயன்படுத்த இணைய இணைப்பே தேவையில்லை. வெளியிலிருந்து அணுகுவதில் சிக்கல் உண்டு. பல இணையச் சேவையாளர்கள் ஒரே பொது ஐ.பி. முகவரியைப் பல வாடிக்கையாளருக்குப் பகிர்ந்தளிப்பதால் திசைவியில் துறை திறந்தாலும் பயனிருக்காது. ஐ.பி.வி6 முகவரி, அல்லது வாடகைக்கு எடுத்த சிறு வழங்கி வழியாக அமைக்கும் வயர்கார்டு சுரங்க இணைப்பு தீர்வாகும். வயர்கார்டு 2020 முதல் லினக்சு கருவகத்தின் பகுதியாகவே உள்ளது. சம்பாவை நேரடியாக இணையத்துக்குத் திறந்துவிடுதல் ஒருபோதும் கூடாது.

வெள்ளமும் நகல்களும்

எர்ணாவூர் வங்காள விரிகுடாவையும் பக்கிங்காம் கால்வாயையும் அண்மித்த தாழ்நிலம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணெய் கலந்த வெள்ளநீர் இப்பகுதி வீடுகளுக்குள் புகுந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின், இழந்த சான்றிதழ்களின் நகல்களை வழங்க அரசு சென்னையில் சிறப்பு முகாம்களை நடத்தியது. திருமணப் படங்களுக்கோ இறந்தோரின் குரற்பதிவுகளுக்கோ அத்தகைய முகாம் இருக்க முடியாது.

இரு வன்தட்டுகளில் ஒரே தரவை எழுதும் ரெய்டு முறையைப் பலர் காப்பு நகல் என்று கருதுகின்றனர். ஒரு தட்டு பழுதானால் அது காக்கும். தவறுதலாக அழித்த கோப்பை இரு தட்டுகளிலும் அழிக்கும், வெள்ளமோ இரண்டையும் சேர்த்தே கொண்டுபோகும். மூன்று நகல்கள், இரு வகை ஊடகங்கள், அவற்றுள் ஒன்று வேறிடத்தில் என்ற விதி பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகிறது. வழங்கியைத் தரையில் வைக்காமல் உயரத்தில் வைத்தல் முதற்படி. பரண் உயரமானதே; ஆனால் தகரக் கூரையின்கீழ் கோடையில் அங்கு தேங்கும் வெப்பம் வன்தட்டின் ஆயுளைக் குறைக்கும். மாடி இல்லாத வீட்டில், தலைக்கு மேற்பட்ட உயரத்தில் காற்றோட்டமுள்ள சுவர்ப் பலகையே தக்கது.

வேறிடத்து நகலுக்கு, வெள்ளம் எட்டாத மற்றோர் ஊரில் உள்ள உறவினர் வீடு போதும். முழுத் தரவை இணையம் வழி அனுப்புவது எளிதன்று: 500 கிகாபைட்டை நொடிக்கு 10 மெகாபிட்டு பதிவேற்ற வேகத்தில் அனுப்ப நான்கரை நாட்களுக்கு மேல் ஆகும். முதல் நகலை வன்தட்டில் எழுதிப் பேருந்தில் எடுத்துச் செல்வதே விரைவானது. அதன்பின் ஆர்சிங்க் நிரல் மாறிய பகுதிகளை மட்டும் இரவில் அனுப்பும். இதுவும் டிரிட்செல் பங்கேற்று 1996 இல் உருவானதே. பிறர் வீட்டில் இருக்கும் நகலை மறையாக்கம் செய்தல் வேண்டும்; போர்க், ரெசுடிக் ஆகிய நிரல்கள் அதனைத் தாமே செய்கின்றன. நகலிலிருந்து சில கோப்புகளை அவ்வப்போது மீட்டெடுத்துச் சோதிக்காவிட்டால் நகல் இருப்பதாகக் கொள்ள இயலாது.

நீரில் மூழ்கிய வன்தட்டை வெயிலில் உலர்த்தி இயக்கிப் பார்ப்பது கேடானது. படிந்த சேறும் உப்பும் மின்சுற்றைக் கருக்கிவிடும். மின்சாரம் கொடுக்காமல் தரவு மீட்பு வல்லுநரிடம் ஒப்படைத்தால் மட்டுமே ஓரளவு மீட்க வாய்ப்புண்டு.

பல வீடுகளில் வழங்கியை அமைத்தவர் ஒருவருக்கே அதன் கடவுச்சொல்லும் மறையாக்கத் திறவுகோலும் தெரியும். அவர் வெளிநாடு சென்றாலோ இறந்தாலோ, தரவு முழுதும் நலமாயிருந்தும் குடும்பத்தினரால் திறக்க முடியாது. இவற்றைத் தாளில் எழுதி, குடும்ப அட்டையும் வீட்டுப் பத்திரமும் உள்ள நீர்புகா உறையில் வைப்பது வழக்கம். மற்றொரு பிரதி வேறிடத்து நகலைப் பேணும் உறவினரிடம் இருத்தல் நலம்.