ஒரு ஆட்சேபணையும் ஒரு வரைபடமும்

நோபல் பரிசு வாங்கிய தமிழர்கள் யார் என்றால் ராமன், சந்திரசேகர், வெங்கி ராமகிருஷ்ணன் என்று சட்டென்று சொல்லிவிடுவோம். அந்தப் பரிசு கிடைக்காததாலேயே நம்மில் பலருக்குத் தெரியாமல் போனவர் ஜி.என். ராமச்சந்திரன்.

ராமனின் மாணவரான இவர், 1952-ல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைத் தலைவராக வந்தார். நம் தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பு அப்போது புதிராகவே இருந்தது. அது மூன்று இழைகள் சேர்ந்தது என்று 1954-ல் கோபிநாத் கர்த்தாவுடன் 'நேச்சர்' இதழில் எழுதினார். அவை கயிறு போல முறுக்கிக்கொண்டவை என்று 1955-ல் அதைச் செம்மைப்படுத்தினார்.

உடனே ஆட்சேபணை வந்தது. உங்கள் மாதிரியில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன என்றார்கள் ரிச்சும் கிரிக்கும். கிரிக் என்றால் டி.என்.ஏ. அமைப்பைக் கண்டறிந்த இருவரில் ஒருவர். கொலாஜனின் சில நுணுக்கங்களில் அவர்கள் சொன்னதே பிற்பாடு நிலைத்தது.

ஆனால் ராமச்சந்திரன் அதோடு விடவில்லை. அணுக்கள் எவ்வளவுதான் நெருங்கலாம்? அதுவரை வெளியான படிக அளவுகளையெல்லாம் திரட்டிப் பார்த்தார். சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் 1963-ல் ஒரு வரைபடம் வெளியிட்டார். புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் திரும்ப முடியும், எவற்றில் முடியாது என்று அது காட்டியது.

ராமச்சந்திரன் 2001-ல் மறைந்தார். உலகில் எங்கே ஒரு புதிய புரத அமைப்பைக் கண்டுபிடித்தாலும், கணக்கைத் தணிக்கை செய்வதுபோல இன்றும் அந்தச் சென்னை வரைபடத்தில் வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள். பரிசுப் பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் என்ன?